வியாகுல ஓடையின் கரையில்

1776-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய அந்த வெள்ளியன்று வியாகுல மாதாவை நினைவுகூர்வது அக்காலத் திருச்சபையின் வழக்கம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடல் குடாவாக உள்நுழையும் இடத்தருகே குடியேற்றத்திற்கு நிலம் தேடி வந்த ஸ்பானியத் தளபதி ஹுவான் பவுத்திஸ்தா தே அன்சாவின் குழுவினர், நன்னீர் ஓடும் சிற்றோடை ஒன்றைக் கண்டனர். நாளின் பெயரையே ஓடைக்கும் இட்டனர். ஸ்பானிய மொழியில் ‘தொலோரெஸ்’ என்றால் துயரங்கள், வியாகுலங்கள். மூன்று மாதம் கழித்து ஜூன் 29 அன்று, புனித பேதுரு, பவுல் பெருவிழாவில், பிரான்சிஸ்கன் சபைக் குரு பிரான்சிஸ்கோ பலோவு கிளைகளால் வேய்ந்த பந்தலொன்றின்கீழ் அங்கே முதல் திருப்பலியை நிறைவேற்றினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலை அறிக்கை வெளிவர இன்னும் ஐந்து நாள்கள் இருந்தன.

அந்த மறைபரப்புத் தளத்துக்கு அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் பெயரே சூட்டப்பட்டது. பின்னாளில் எழுந்த மாநகரமும் அப்பெயரையே ஏற்றுச் சான் பிரான்சிஸ்கோ ஆயிற்று. ஆனால் மக்களின் நாவில் கோயிலுக்கு நிலைத்தது ஓடையின் பெயர்தான்: மிஷன் தொலோரெஸ். ஓடை இன்று இல்லை. தூர்க்கப்பட்டுத் தெருக்களுக்கடியில் போய்விட்டது. சுற்றிலுமுள்ள நெரிசல் மிகுந்த நகர்ப்பகுதியை ‘மிஷன்’ என்றே அழைக்கின்றனர்.

இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் சுவரோவியங்களையும் ‘புரீட்டோ’ என்னும் உணவையும் வியந்து எழுதுவர். எனக்கும் அவற்றைப் பற்றிச் சொல்ல ஆவல்தான். எனினும் ஒரு குருவானவன் எழுதப் புகும்போது கோயிலையொட்டிய கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிக்கொண்டு தெருவுக்குப் போக மனம் வரவில்லை.

அந்நிலத்தின் பூர்வகுடிகள் ஓலோனியர். அவர்களுள் யெலாமு என்னும் பிரிவினர் அந்த முனையில் வாழ்ந்தவர்கள். கருவாலி மரத்தின் கொட்டைகளை இடித்து மாவாக்கி, தண்ணீர் விட்டு விட்டுக் கசப்பை நீக்கிக் கூழ் காய்ச்சினர். கடற்சிப்பியும் மீனும் அவர்களுக்குத் தாராளம். கூடை முடைவதில் அவர்கள் பெற்றிருந்த தேர்ச்சி எத்தகையதெனில், நீர் ஒழுகாத கூடையில் சுட்ட கற்களைப் போட்டே சமையல் செய்வர். திருமுழுக்குப் பெற்றுத் தளத்துக்குள் வந்தபின் இவையெல்லாம் மாறின. கோயில் மணிக்கு எழுந்து, மணிக்கு உண்டு, மணிக்கு உறங்கும் வாழ்வு. காலையும் மாலையும் வறுத்த வாற்கோதுமை மாவில் காய்ச்சிய ‘அத்தோலே’ என்னும் கஞ்சி. நண்பகலில் ‘பொசோலே’ என்னும் கொழகொழப்பான குழம்பு. திருமுழுக்குப் பெற்றவர் தம் விருப்பப்படி ஊர் திரும்ப இயலாது. திரும்பினால் படைவீரரை அனுப்பிப் பிடித்து வந்து கசையடி கொடுத்தனர். இது எதிரிகள் கட்டிய கதையன்று. துறவியரும் ஆளுநரும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே அறிகிறோம்.

1795-ஆம் ஆண்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒரேயடியாகத் தளத்தைவிட்டு ஓடினர். மறு ஆண்டில் அங்கே பணியாற்ற வந்த ஹோசே மரியா பெர்னாண்டஸ் என்ற குரு, தம் உடன்குருக்கள் மக்களை நடத்தும் முறை கொடியது என ஆளுநர் பொரிக்காவுக்கே எழுதினார். தம் சபைச் சகோதரருக்கு எதிராக அரசு அதிகாரிக்கு ஓலை எழுதுவது அக்காலத்தில் எளிய செயலன்று, எக்காலத்தில்தான் எளிது? 1797-இல், பிடித்து வரப்பட்டவர்களிடம் படையதிகாரி ஒருவர் ஓடியதற்குக் காரணம் கேட்டுப் பதிவு செய்தார். பசி என்றனர் சிலர். அடி என்றனர் சிலர். மனைவியும் மக்களும் இறந்துவிட்டனர், அங்கே இருக்க மனமில்லை என்றனர் சிலர். தம் மனைவியும் மகளும் இறந்ததற்காக அழுதவர் ஒருவர், அழுத குற்றத்துக்காகவே கசையடி பட்டதாகக் கூறியிருக்கிறார்.

அடித்தவரும் ஒரு குருவே. அப்பதிவைப் படித்தபின் அடுத்த வரிக்குப் போக எனக்கு நேரம் பிடித்தது.

அடியைவிட மிகுதியாகக் கொன்றவை நோய்கள். 1806-இல் வந்த தட்டம்மை குடாப்பகுதித் தளங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. மூடுபனியும் ஈரமும் நிறைந்த அவ்விடத்தில் நோயுற்றோர் தேறுவதே அரிதாக இருந்ததால், 1817-இல் குடாவுக்கு வடக்கே வெயில் படும் இடத்தில் சான் ரபேல் என்ற துணைத்தளத்தை மருத்துவமனையாகவே தொடங்கினர். நலமளிக்கும் வானதூதரின் பெயர் அதற்கு வாய்த்தது தற்செயலன்று. தொலோரெஸ் தளத்தில் அடக்கம் செய்யப்பட்ட பூர்வகுடியினர் 5,000-க்கும் மேற்பட்டவர்கள். இன்று வேலிக்குள் எஞ்சியிருப்பது பழைய கல்லறைத் தோட்டத்தின் சிறு துண்டே. அதிலும் பெயர் பொறித்த கற்கள் பெரும்பாலும் பின்னர் வந்த ஐரியருக்கும் ஸ்பானியருக்கும் உரியவை. மற்றவர்கள்மீது கட்டடங்களும் தெருவும் எழுந்துவிட்டன.

இனி ஓவியத்துக்கு வருவோம். மிஷன் வட்டாரத்தின் சுவரோவியங்களுள் மிகப் பழையதை யாரும் தெருவில் நின்று காண முடியாது. 1791-இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தச் சிறுகோயில் நான்கடி தடிமனான மண்கல் சுவர்களால் ஆனது. அந்நகரில் முழுமையாக எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது அதுவே. உட்கூரையில் ஓலோனியர் கூடைகளில் முடைந்த அதே கோடுகளும் முக்கோணங்களும் வண்ணமாகத் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பலிபீடத்துக்குப் பின்னுள்ள சுவர் முழுவதும் அவர்கள் ஓர் ஓவியம் வரைந்தனர். 1796-இல் மெக்சிகோவிலிருந்து மரத்தாலான பெரிய பீடமுகப்பு வந்து சேர்ந்தது. அதை நிறுத்தியபோது ஓவியம் மறைந்துபோயிற்று. இருளும் தூசும் அதற்குக் காவலாயின. 2004-இல் ஓவியர் ஒருவரும் தொல்லியலாளர் ஒருவரும் மேலிருந்த சிறு திறப்பின் வழியே கயிற்றில் ஒளிப்படக் கருவியை இறக்கிப் பகுதி பகுதியாகப் படமெடுத்தனர். செம்மண் நிறத்திலும் கருப்பிலும் மஞ்சளிலும் சுருள் சுருளான கொடிகள். அவற்றினிடையே வாளால் ஊடுருவப்பட்ட இதயங்கள். 2011-இல் இதன் ஒரு பகுதியைப் பார்ட்லெட் தெருவில் சந்தை கூடும் இடத்தருகே பெரிய சுவரொன்றில் இக்கால ஓவியர்கள் வரைந்தனர். இருநூற்றுப் பதினைந்து ஆண்டுகள் பீடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்ற அவ்விதயம், கீரையும் தக்காளியும் விற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

‘உம் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவிப் பாயும்’ என்ற சிமியோனின் சொல்லை அந்தக் கைகள் மறைக்கல்வியில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதை மட்டுமா வரைந்தார்கள்?

இடைக்காலத்தை விரைந்து கடக்கிறேன். 1834-இல் மெக்சிக அரசு தளங்களைத் துறவியரிடமிருந்து எடுத்தது. பூர்வகுடிகளுக்குத் திரும்ப வேண்டிய நிலம் பண்ணையார்களிடம் போயிற்று. 1849-இல் பொன் தேடி உலகே திரண்டு வந்தபோது தளத்தின் பழைய கட்டடங்களில் மதுக்கடையும் சூதாட்டமும் நடந்தன. அதன்பின் ஐரியரும் செருமானியரும் குடியேறி, மிஷன் உழைப்பாளர் வட்டாரமாயிற்று. 1906 ஏப்ரல் 18-இல் நிலநடுக்கமும் தொடர்ந்து தீயும் நகரைப் பாழாக்கின. தீ இருபதாம் தெரு வரை வந்து நின்றது. எங்கும் குழாய்கள் வறண்டிருக்க, அத்தெருவின் மேட்டிலிருந்த ஒரு தீயணைப்புக் குழாயில் மட்டும் தண்ணீர் வந்ததாம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 18 விடியற்காலையில் அதற்குப் பொன்வண்ணம் பூசுகின்றனர். பக்கத்தில் செங்கல்லால் எழுப்பியிருந்த பெரிய கோயில் சிதைய, ஓலோனியர் கட்டிய மண்கோயில் நின்றது. சிதைந்ததன் இடத்தில் எழுந்த புதுக்கோயிலே 1952-இல் பசிலிக்கா என உயர்த்தப்பட்டது. 1987 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கே எய்ட்ஸ் நோயாளர்களைச் சந்தித்தார். அந்நோயாளரைத் தொடவே பலர் அஞ்சிய நாள்கள் அவை.

ஐரியர் காலத்தின் ஒரு பெயரை மட்டும் விட்டுவிட இயலாது. இருபத்து நான்காம் தெருவை ஒட்டிய புனித பேதுரு பங்கில் 1913 முதல் 1925-இல் இறக்கும்வரை பங்குத்தந்தையாக இருந்தவர் பீட்டர் யார்க். 1901-இல் வண்டியோட்டிகளும் துறைமுகத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தபோது, பத்தாண்டுகளுக்கு முன் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலைக் கையிலெடுத்து மேடைதோறும் பேசியவர். அக்காலத் தொழிற்சங்கங்கள் சீனத் தொழிலாளரைத் தம்முள் சேர்க்க மறுத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்பங்கின் தெருமுனையில் நின்றால் வட்டாரத்தின் வரலாறு முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். 1940-களிலிருந்து மெக்சிகரும், பின்னர் நிகராகுவா, எல் சால்வதோர், குவாத்தமாலா நாட்டவரும் வந்து நிறைந்தனர். ஐரியரின் பங்கில் ஸ்பானிய மொழித் திருப்பலி ஒலித்தது. முனையில் 1953-இல் தொடங்கிய ‘லா பால்மா’ என்ற கடை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோல் நீக்கி அரைத்து, கையால் தட்டி ‘தொர்த்தீயா’ சுடுவார்கள். சுண்ணாம்பு எதற்கு என்பீர்கள். அது சேர்ந்தாலன்றிச் சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குக் கிட்டாது. சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்குவத்தைக் கேட்டறியாத ஐரோப்பிய ஏழைகள் பெல்லாக்ரா என்னும் கொடுநோயால் துன்புற்றனர். மெக்சிகப் பாட்டிமார் அம்மியில் அரைத்தபடி அறிந்திருந்ததை மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்தனர். (நாம் நாள்தோறும் குழம்பில் இடும் மிளகாயும் அம்மக்கள் வளர்த்ததே, போர்த்துக்கீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது.)

புரீட்டோவுக்குரிய தொர்த்தீயா கோதுமையால் ஆனது. கோதுமை அம்மண்ணுக்குரியதன்று, கலிபோர்னியாவில் அதை விதைத்தவர்கள் மறைபரப்புத் துறவியர். நற்கருணை அப்பத்துக்கும் அது வேண்டியிருந்ததே. பெரிய கோதுமைத் தொர்த்தீயாவை ஆவியில் வாட்டி, சோறு, அவரைப் பருப்பு, இறைச்சி, மிளகாய்த் துவையல் ஆகியவற்றை உள்ளே வைத்துக் குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல் இறுகச் சுருட்டி அலுமினியத் தாளில் பொதிந்து தருவதே மிஷன் புரீட்டோ. இதை முதலில் விற்றவர் தாமே என இரு கடைகள் உரிமை கொண்டாடின. ஒன்று 1961 செப்டம்பரில் பசித்து வந்த தீயணைப்புப் படையினருக்குச் செய்து கொடுத்ததாகச் சொல்லும் எல் பாரோ. மற்றது 1969 செப்டம்பரில் தொடங்கியதாகக் கூறும் லா கும்ப்ரே. வழக்கு யார் பக்கம் என்பது என் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒரு கையில் பிடித்துத் தின்று வேலைக்கு ஓட ஏற்ற உணவு. ஒன்று உண்டால் மாலை வரை பசிக்காது. அதுவே அதன் பெருமை. எல் சால்வதோர் நாட்டவரோ சோளமாவுக்குள் பாலாடைக்கட்டியோ பருப்போ பொதிந்து ‘புபூசா’ தட்டுவர். மூவரசர் திருநாளுக்கு வளைய ரொட்டி, இறந்தோர் நினைவு நாளுக்கு எலும்பு வடிவம் வைத்த இனிப்பு ரொட்டி என்று திருவழிபாட்டு ஆண்டு அடுமனைகளின் கண்ணாடிப் பெட்டியிலும் நடந்துகொண்டிருந்தது.

உணவுக்கும் ஓவியத்துக்கும் அங்கே நேரடி உறவே உண்டு. 1974-இல் ‘தாக்கோ’ விற்கும் சிறு கடையொன்று, அருகில் பெரிய அமெரிக்க உணவுச் சங்கிலியின் கிளை வருவதைக் கண்டு, பெண் ஓவியர் குழுவொன்றை அழைத்துத் தன் சுவரில் ஓவியம் வரையச் செய்தது. ‘முஹேரெஸ் முரலிஸ்தாஸ்’ என்ற அக்குழுவினர் வரைந்தது சந்தைக் காட்சி. உயரமான சாரத்தில் ஏறிச் சுவரோவியம் தீட்டுவது ஆண்களின் வேலை என்றிருந்த நாள் அது. மறு ஆண்டில் மைக்கேல் ரியோஸ் என்பவரும் நண்பர்களும் இருபத்து நான்காம் தெருத் தொடர்வண்டி நிலையத்தருகே வரைந்த ஓவியத்தில், 1973-இல் ஓடத் தொடங்கிய புதிய மின்தொடரியின் பாதையை வட்டார மக்கள் தங்கள் முதுகில் சுமந்து நிற்கின்றனர். இரயில் யார் பணத்தில் வந்தது, யாருக்காக வந்தது என்ற வினாவுக்கு அதைவிடச் சுருக்கமான கட்டுரை வேண்டியதில்லை.

பால்மி சந்து என்பது வண்டிக்கொட்டில்களின் பின்கதவுகள் திறக்கும் ஒரு சிறு சந்து. 1984-இல் ரே பத்லான் என்ற ஓவியரின் முயற்சியால் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் அங்கே கூடி 27 ஓவியங்களை வரைந்தனர். பொருள் ஒன்றே: நடு அமெரிக்காவில் அமைதி. எல் சால்வதோரில் பேராயர் ஓஸ்கர் ரொமேரோ 1980 மார்ச் 24 அன்று பலிபீடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நாட்டு இராணுவத்துக்கு ஆயுதமும் பணமும் அமெரிக்க அரசிடமிருந்து போய்க்கொண்டிருந்தன. அதே இராணுவத்துக்கு அஞ்சி ஓடி வந்தோர் இச்சந்துக்கு அடுத்த தெருக்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக ஒண்டியிருந்தனர். ரொமேரோவின் முகத்தையும் இச்சந்தில் வரைந்தார்கள். திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது 2018-இல். சந்தின் மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

1992-இல் கொலம்பஸ் வந்த ஐந்நூறாம் ஆண்டு. அவ்வாண்டு புனித பேதுரு பங்குக் கட்டடத்தின் சுவரிலேயே, எல் சால்வதோர் ஓவியர் இசையாஸ் மாத்தா ‘ஐந்நூறு ஆண்டு எதிர்ப்பு’ என்னும் பேரோவியத்தைத் தீட்டினார். எந்தத் துறவியர் வழியே நற்செய்தி வந்ததோ அவர்களோடு வந்த வாளையும் எதிர்த்து நின்ற மக்களின் வரலாற்றை, கோயிலுக்கு உரிய சுவரிலேயே எழுத இடம் கொடுத்தது அப்பங்கு. இங்குள்ள நம் பங்குப் பேரவை ஒன்றில் இத்தகைய கோரிக்கை வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். வண்ணச் செலவு யாருடையது என்ற வினாவிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

நம் நாட்டோடும் அச்சுவர்களுக்குத் தொடர்பு உண்டு. 1994-இல் ‘பெண்கள் இல்லம்’ என்ற கட்டடத்தின் இரு முகங்களையும் மூடி ஏழு பெண்கள் வரைந்த ஓவியத்தில் மீரா தேசாய் என்பவரும் ஒருவர். 2004-இல் ஹுவானா அலிசியா வரைந்த நீர் பற்றிய ஓவியத்தில், பொலிவியாவின் கொச்சபம்பா மக்களோடு நர்மதைப் பள்ளத்தாக்குப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றனர். அச்சுவரில் அதற்கு முன் அவரே 1983-இல் கீரைத் தோட்டத் தொழிலாளப் பெண்களையும் அவர்கள்மீது பொழியப்பட்ட பூச்சிமருந்தையும் வரைந்திருந்தார். சுவரில் நீர் கசிந்து அவ்வோவியம் அழிந்தது.

நீர் மட்டும் அழிப்பதில்லை. ஹேசுஸ் கம்புசானோ 1986-இல் தீட்டிய மாபெரும் சுவரோவியத்தை 1998-இல் கட்டடத்தின் புதிய உரிமையாளர் வெள்ளையடித்து மறைத்தார். ஓவியர் அதற்கு முன்பே இறந்திருந்தார். குடும்பத்தினர் 1990-ஆம் ஆண்டு ஓவியர் உரிமைச் சட்டத்தைக் கொண்டு வழக்காடி இழப்பீடு பெற்றனர். படம் திரும்பவில்லை. அது கணினித் தொழில் பணம் நகருக்குள் பெருகிய நேரம். ஓவியங்களும் உணவும் பெற்றுத் தந்த புகழே வாடகையை ஏற்றிவிட்டது எனலாம். பார்க்க வந்தவர்கள் குடியிருக்க விரும்பினர். அவர்களால் கொடுக்க முடிந்த வாடகையை ஓவியத்திலிருந்தவர்களால் கொடுக்க முடியவில்லை. 1985-ஆம் ஆண்டின் எல்லிஸ் சட்டத்தின்படி, இனி வாடகைக்கு விடுவதில்லை என்று சொல்லி வீட்டுக்காரர் எல்லாரையும் வெளியேற்றலாம். ஆயிரக்கணக்கான இலத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினர் 2000-க்குப் பின் மிஷனை விட்டுப் போயினர். 2013 டிசம்பரில் பணியாளரை ஏற்றிச் செல்லும் கணினி நிறுவனப் பேருந்து ஒன்றைத் தெருவில் மறித்தனர். 2014-இல் நகரவை இருபத்து நான்காம் தெருப் பகுதியை இலத்தீன் பண்பாட்டு வட்டாரம் என அறிவித்தது. எனினும் அத்தெருவில் 1951 முதல் இறந்தோர் நாள் ரொட்டி சுட்ட லா விக்தோரியா அடுமனை 2018-இல் மூடப்பட்டது.

2015 செப்டம்பரில் தளங்களின் நிறுவனர் ஹுனிப்பெரோ செர்ரா புனிதராக உயர்த்தப்பட்டபோது ஓலோனியர் பலர் வருந்தினர், சிலர் மகிழ்ந்தனர். அதே ஆண்டு ஜூலையில் பொலிவியாவில் திருத்தந்தை பிரான்சிஸ், பூர்வகுடிகளுக்கு எதிராகத் திருச்சபை செய்த பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்டிருந்தார். 2020 ஜூனில் கோல்டன் கேட் பூங்காவிலிருந்த செர்ராவின் சிலையை ஒரு கூட்டம் கயிறு கட்டிச் சாய்த்தது. நான் யார் பக்கமும் நின்று தீர்ப்பிட விரும்பவில்லை. பெர்னாண்டஸ் அடிகளுக்கு எங்கும் ஒரு சிலை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

தொலோரெஸ் தளத்தின் திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள் அழியவில்லை. ஓலோனிப் பெயர்களை ஸ்பானியக் குருக்கள் தம் காதுக்குக் கேட்டபடி எழுதி, பக்கத்தில் கிறித்தவப் பெயரையும் பிறந்த ஊரின் பெயரையும் குறித்திருக்கின்றனர். அவ்வூர்களுள் பலவற்றுக்கு வேறெங்கும் பதிவில்லை. தாங்கள் இன்னும் அழிந்துபோகவில்லை என்று அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டிய நிலையிலுள்ள ஓலோனியர், பாட்டனின் பாட்டி பெயரைத் தேடி அந்த ஏடுகளைத்தான் புரட்டுகின்றனர். முவெக்மா ஓலோனியர் இப்பதிவுகளையும் சான்றாக வைத்து நடுவணரசின் ஏற்பைக் கேட்டனர். 2002-இல் மறுப்பு வந்தது. ஞாயிறு திருமுழுக்கு முடிந்து அவசரத்தில் நான் எழுதும் பதிவுகளில் ஊர்ப்பெயரைச் சுருக்கி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. சென்ற வாரம் அந்த ஏட்டை எடுத்துப் பழைய பக்கங்களில் முழுப்பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.